'அல்ஹம்துலில்லாஹ்' என்றால் என்ன? 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று முஸ்லிம்கள் சொல்வது ஏன்?

2009 பிப்ரவரி. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த 81-வது ஆஸ்கர் விழாவில், 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் 2 விருதுகளை வென்றார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்த மேடையில் அவர் தமிழில் சொன்னது 3 வார்த்தைகள்: 'எல்லாப் புகழும் இறைவனுக்கே'.

அன்று முதல் இந்த வாக்கியம் தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்ததாகிவிட்டது. தேர்வில் ஜெயித்தவர், வேலை கிடைத்தவர், கடன் அடைத்தவர் என மதம் கடந்து பலரும் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். ஆனால் இதற்குப் பின்னால் ஓர் அரபு வாக்கியம் இருக்கிறது. அதுதான் 'அல்ஹம்துலில்லாஹ்'.

'நல்லா இருக்கீங்களா?' என்று கேட்டால் ஒரு முஸ்லிம் இதைச் சொல்கிறார். தும்மினால் சொல்கிறார். சாப்பிட்டு முடித்ததும் சொல்கிறார். வீட்டில் ஒரு மரணம் நடந்தாலும் சொல்கிறார். சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் எப்படி ஒரே வார்த்தை பொருந்தும்? இதற்கு உண்மையான அர்த்தம் என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

* 'அல்ஹம்துலில்லாஹ்' என்றால் 'எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே' என்று பொருள்.
* 'ஹம்து' என்ற சொல்லில் புகழ்ச்சியும் இருக்கிறது, நன்றியும் இருக்கிறது.
* குர்ஆனின் முதல் அத்தியாயம் இந்த வார்த்தையோடுதான் தொடங்குகிறது. 5 வேளைத் தொழுகையில் ஒருவர் தினமும் குறைந்தது 17 முறை இதை ஓதுகிறார்.
* அரபு பேசும் கிறிஸ்தவர்களும் இதைச் சொல்வது உண்டு.

வார்த்தையைப் பிரித்துப் பார்த்தால்...

கேட்கும்போது ஒரே சொல் போலத் தெரிந்தாலும், இது ஒரு முழு வாக்கியம். இதில் 4 பகுதிகள் இருக்கின்றன: அல் + ஹம்து + லி + அல்லாஹ்.

'அல்' என்பது ஒரு சொல்லுக்கு முன்னால் வந்து அதைக் குறிப்பிட்டுக் காட்டும் முன்னொட்டு. சில இடங்களில் அது 'அந்த வகையில் உள்ள அனைத்தும்' என்ற பொருளைத் தரும். இங்கே வருவது அந்தப் பொருளில்தான் என்பது விரிவுரையாளர்கள் பலரின் கருத்து. தமிழில் 'எல்லா' என்ற சொல் வந்ததற்குக் காரணம் இதுதான்.

'ஹம்து' என்றால் புகழ். ஆனால் வெறும் புகழ் அல்ல. அன்போடும் மரியாதையோடும் மனதிலிருந்து வரும் புகழ்.

'லி' என்பது தமிழில் உள்ள 'கு' உருபு போன்றது. ஒன்று யாருக்கு உரியது, யாருக்குத் தகுதியானது என்பதை அது காட்டும். 'லி' என்பதும் 'அல்லாஹ்' என்பதும் சேரும்போது உச்சரிப்பில் 'லில்லாஹ்' ஆகிவிடுகிறது.

'அல்லாஹ்' என்பது ஏக இறைவனைக் குறிக்கும் பெயர். 'அல்' என்பதும் கடவுள் என்று பொருள்படும் 'இலாஹ்' என்பதும் சேர்ந்து உருவான சொல் என்று அரபு இலக்கண அறிஞர்களில் ஒரு தரப்பினர் சொல்கிறார்கள். எந்தச் சொல்லிலிருந்தும் பிறக்காத தனிப்பெயர் என்பது இன்னொரு தரப்பின் கருத்து.

'நான் புகழ்கிறேன்' என்று ஏன் இல்லை?

இந்த வாக்கியத்தில் வினைச்சொல்லே கிடையாது. இதுதான் அரபு அறிஞர்கள் அதிகம் பேசிய விஷயம்.

'நான் அல்லாஹ்வைப் புகழ்கிறேன்' என்று அரபியில் சொல்ல வேண்டுமென்றால் 'அஹ்மதுல்லாஹ்' என்று சொல்லலாம். அதில் தப்பில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் புகழ்கிறவர் ஒருவர் வந்துவிடுகிறார், காலமும் வந்துவிடுகிறது. நான் இப்போது புகழ்கிறேன் என்றால், நேற்று? நான் இல்லாமல் போனால்?

'அல்ஹம்துலில்லாஹ்' அப்படி இல்லை. யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், நேற்றும் இன்றும் நாளையும், புகழ் அவனுக்கு உரியது என்று அறிவிக்கும் வாக்கியம் அது. 1144-ல் மறைந்த இலக்கண அறிஞரும் குர்ஆன் விரிவுரையாளருமான ஸமக்ஷரீ, வினையின் இடத்தில் நிற்க வேண்டிய சொல்லை எழுவாயாக மாற்றியதே நிலைத்தன்மையைக் காட்டத்தான் என்று விளக்குகிறார்.

இதில் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழிலும் வினைச்சொல் இல்லாமல் வாக்கியம் அமைக்க முடியும். 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்பதில் வினை எங்கே இருக்கிறது? இல்லை. 'அல்' என்பதற்கு 'எல்லா'வும் 'புகழும்' என்பதில் வரும் 'உம்'மும் ஈடாக நிற்கின்றன. 'லி' என்பதற்கு 'கு' உருபு ஈடு. வேறு யாருக்கும் அல்ல, அவனுக்கு மட்டும்தான் என்ற அழுத்தத்தைக் கடைசியில் வரும் ஏகாரம் தருகிறது. அரபியில் மறைந்திருக்கும் அந்த அழுத்தத்தைத் தமிழ் ஒரே எழுத்தில் வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது.

புகழ்ச்சியா, நன்றியா?

தமிழில் பலர் 'அல்ஹம்துலில்லாஹ்' என்பதை 'கடவுளுக்கு நன்றி' என்றும் புரிந்துகொள்கிறார்கள். அது தப்பா? முழுக்கத் தப்பு இல்லை. ஆனால் முழு அர்த்தமும் அது இல்லை.

அரபியில் இதற்கு நெருக்கமான 3 சொற்கள் இருக்கின்றன.

மத்ஹ்: வெறும் பாராட்டு. ஒரு முத்தை, ஒரு குதிரையை, ஒரு கட்டடத்தைக்கூட இப்படிப் பாராட்டலாம். மனதில் அன்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காசுக்காகப் பாடும் அரசவைப் புகழ்ச்சியும் மத்ஹ்தான்.

ஷுக்ர்: நன்றி. ஒருவர் நமக்கு ஏதாவது செய்தால்தான் இது வரும். ஆனால் இதை வாயால் மட்டுமல்ல, மனதாலும் செயலாலும் காட்டலாம்.

ஹம்து: ஒருவரின் குணத்துக்காகவும் சொல்லலாம், அவர் நமக்குச் செய்த உதவிக்காகவும் சொல்லலாம். நமக்கு எதுவும் கிடைக்காவிட்டாலும் சொல்லலாம். ஆனால் இதன் இடம் நாக்கு.

ஆக, காரணம் என்று பார்த்தால் ஹம்து விரிவானது. வெளிப்படும் வழி என்று பார்த்தால் ஷுக்ர் விரிவானது. 'ரொம்ப நல்ல மனுஷன்' என்று முன்பின் தெரியாத ஒருவரைச் சொல்வதற்கும், 'கஷ்டத்துல கைகொடுத்தீங்க' என்று உதவியவரிடம் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். ஹம்து இந்த இரண்டையும் தனக்குள் வைத்திருக்கிறது.

இந்தப் பிரிப்பை எல்லோரும் ஏற்கவில்லை. 923-ல் மறைந்த புகழ்பெற்ற விரிவுரையாளர் தபரீ, ஹம்து, ஷுக்ர் இரண்டையும் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்தலாம் என்றார். 1373-ல் மறைந்த இப்னு கஸீர் அந்தக் கருத்தை எடுத்துச் சொல்லிவிட்டு, பிற்கால அறிஞர்கள் பலர் இரண்டையும் வேறுபடுத்துவதைச் சுட்டிக்காட்டி மறுக்கிறார். பல நூற்றாண்டுகளாக நடக்கும் விவாதம் இது.

ஓர் எழுத்து மாறினால் அர்த்தமே போச்சு

தமிழில் 'ஹ' என்று ஒரே எழுத்து. அரபியில் அந்த ஒலிக்கு நெருக்கமாக 2 எழுத்துகள் உண்டு. ஒன்று தொண்டையின் நடுப்பகுதியை இறுக்கி அழுத்தமாக ஒலிப்பது. இன்னொன்று தொண்டையின் அடியிலிருந்து மூச்சுக்காற்றாக மெல்ல வருவது.

'ஹம்து' என்பதில் வருவது அழுத்தமான ஹ. அதை மெல்லிய ஹ-வாக உச்சரித்தால், தீ அணைந்து அடங்குவது, உயிரற்றுப் போவது என்ற அர்த்தம் தரும் வேறொரு வேர்ச்சொல்லுக்குப் போய்விடும். மதரஸாக்களில் குழந்தைகளுக்கு 'அல்ஹம்து சூரா'வைக் கற்றுக்கொடுக்கும்போது உஸ்தாதுகள் இந்த ஓர் எழுத்துக்காகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது இதனால்தான்.

அதே வேரிலிருந்துதான் நமக்குப் பழக்கமான பல பெயர்கள் வருகின்றன.

* முஹம்மது: மிகவும் புகழப்பட்டவர்
* அஹ்மது: புகழில் மிகுந்தவர்
* மஹ்மூது: புகழப்பட்டவர்
* ஹாமித்: புகழ்பவர்
* ஹமீத்: புகழுக்குரியவன். இது இறைவனின் திருநாமங்களில் ஒன்று. அதனால்தான் 'அப்துல் ஹமீது' என்று பெயர் வைக்கிறார்கள். 'புகழுக்குரியவனின் அடியார்' என்று பொருள்.

நபிகள் நாயகத்தின் பெயராகக் குர்ஆனில் 'முஹம்மது' 4 இடங்களிலும் 'அஹ்மது' ஓர் இடத்திலும் வருகின்றன.

குர்ஆனிலும் தொழுகையிலும்...

குர்ஆனில் மொத்தம் 114 அத்தியாயங்கள். அவற்றில் 5 அத்தியாயங்கள் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று தொடங்குகின்றன. அவை 1-வது (அல்ஃபாத்திஹா), 6-வது (அல்அன்ஆம்), 18-வது (அல்கஹ்ஃப்), 34-வது (ஸபஃ), 35-வது (ஃபாத்திர்).

முதல் அத்தியாயமான அல்ஃபாத்திஹாவில் இருப்பது 7 வசனங்கள்தான். ஆனால் இது இல்லாமல் தொழுகை இல்லை. ஃபஜ்ர் 2, ளுஹர் 4, அஸர் 4, மஃரிப் 3, இஷா 4 என ஒரு நாளின் கட்டாயத் தொழுகைகளில் 17 ரக்அத்கள் உள்ளன. ஒவ்வொரு ரக்அத்திலும் இந்த அத்தியாயம் ஓதப்படுகிறது. ஆக, 5 வேளையும் தொழும் ஒருவர் தினமும் 17 முறை இந்தப் புகழ்ச்சியைச் சொல்கிறார். விருப்பத் தொழுகைகளைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

இந்த அத்தியாயத்தில் இறைவன் 'ரப்புல் ஆலமீன்' என்று அழைக்கப்படுகிறான். 'ரப்பு' என்பதற்கு எஜமானன் என்று மட்டும் அர்த்தம் அல்ல. உண்டாக்கி, பாதுகாத்து, படிப்படியாக வளர்த்து ஆளாக்குபவன் என்ற பொருளும் அதில் உண்டு. 'ஆலமீன்' என்றால் அகிலங்கள், எல்லா உலகங்களும். ஓர் ஊருக்கோ இனத்துக்கோ மட்டும் சொந்தமான கடவுள் அல்ல என்பதை இந்தச் சொல் சொல்கிறது.

தொழுகையில் குனிந்து நிற்கும் ருகூஃ நிலையிலிருந்து நிமிரும்போதும் இதே சொல் வருகிறது. தன்னைப் புகழ்பவரின் குரலை அல்லாஹ் கேட்கிறான் என்ற பொருள்படும் வாக்கியத்தை இமாம் சொல்கிறார். 'எங்கள் இறைவா, உனக்கே புகழ்' என்ற பொருளில் 'ரப்பனா லகல் ஹம்து' என்று பின்னால் நிற்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.

மனிதர்கள் மட்டும் புகழ்வதாகவும் குர்ஆன் சொல்லவில்லை. வானங்களும் பூமியும் அவற்றில் உள்ள எல்லாமும் இறைவனைத் துதிக்கின்றன, ஆனால் அது மனிதர்களுக்கு விளங்குவதில்லை என்று 17-வது அத்தியாயம் சொல்கிறது. இடி முழக்கமும் அவனைப் புகழ்கிறது என்கிறது 13-வது அத்தியாயம். சொர்க்கத்தில் இருப்பவர்களின் பிரார்த்தனை நிறைவாகும் வார்த்தையும் இதுதான் என்கிறது 10-வது அத்தியாயம்.

மற்ற வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்?

முஸ்லிம்கள் பேசும்போது அடிக்கடி காதில் விழும் இன்னும் சில வார்த்தைகள் உண்டு. எல்லாமே இறைவனைப் போற்றுபவைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு.

சுப்ஹானல்லாஹ்: 'அல்லாஹ் தூயவன்'. எந்தக் குறையும் இல்லாதவன் என்று அறிவிப்பது. ஆச்சரியமான ஒன்றைப் பார்க்கும்போது சொல்வார்கள். சுப்ஹானல்லாஹ் இறைவனிடம் குறை இல்லை என்கிறது, அல்ஹம்துலில்லாஹ் அவனிடம் எல்லா நிறையும் இருக்கிறது என்கிறது. அதனால் இரண்டும் ஜோடியாக வரும்.

அல்லாஹு அக்பர்: 'அல்லாஹ் மிகப் பெரியவன்'. எதைவிடப் பெரியவன் என்று இந்த வாக்கியம் சொல்வதில்லை. மனதில் எதை நினைத்தாலும் அதைவிடப் பெரியவன் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். தொழுகைக்கான அழைப்பும் தொழுகையும் இதில்தான் தொடங்குகின்றன. சினிமாவிலும் செய்திகளிலும் இது வன்முறையோடு இணைத்துக் காட்டப்படுவது உண்டு. ஆனால் பிறந்த குழந்தையின் காதில் சொல்லப்படும் பாங்கிலும் முதலில் வரும் வார்த்தை இதுதான்.

மாஷா அல்லாஹ்: 'அல்லாஹ் நாடியது நடந்தது'. அழகான குழந்தையையோ புது வீட்டையோ பார்க்கும்போது சொல்வார்கள். நம் ஊரில் 'கண்ணு பட்டுடும்' என்று சொல்வோமே, அந்தக் கவலை இதிலும் உண்டு. அழகு இறைவன் கொடுத்தது என்று சொல்லிவிட்டால் பொறாமைக்கு இடம் இருக்காது என்பது நம்பிக்கை.

தஸ்பீஹ் மணியில் 33 ஏன்?

கையில் மணி உருட்டியபடி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தஸ்பீஹ் மாலையில் பெரும்பாலும் 33 அல்லது 99 மணிகள் இருக்கும். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 33 முறை சொல்வது நபிகள் நாயகம் கற்றுத்தந்த வழக்கம்.

இதோடு தொடர்புடைய ஒரு சம்பவம் புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. நபிகளின் மகள் ஃபாத்திமா திருகையில் மாவு அரைத்து அரைத்துக் கை காய்த்துப் போனார். வீட்டு வேலைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்கப் போனார். வேலையாளைவிடச் சிறந்த ஒன்றைச் சொல்லித் தருகிறேன் என்று மகளிடமும் மருமகன் அலியிடமும் நபிகள் சொன்னார். படுக்கப் போகும்போது சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை சொல்லுங்கள் என்பதுதான் அது.

உடல் களைத்துப் போனவருக்குச் சொன்ன ஆலோசனை இது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். இன்றும் முஸ்லிம் பெண்கள் பலர் இரவில் இதைச் சொல்லிவிட்டுத்தான் தூங்குகிறார்கள். 'தஸ்பீஹ் ஃபாத்திமா' என்றே இதற்குப் பெயர்.

எப்போதெல்லாம் சொல்கிறார்கள்?

* தூங்கி எழுந்ததும், மீண்டும் ஒரு நாள் கிடைத்ததற்காக.
* சாப்பிட்டு முடித்ததும். 'பிஸ்மில்லாஹ்' சொல்லி ஆரம்பித்து 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்லி முடிப்பது வழக்கம்.
* தும்மியதும். தும்மியவர் இதைச் சொன்னால், கேட்டவர் 'யர்ஹமுகல்லாஹ்' (அல்லாஹ் உங்களுக்கு அருள் புரியட்டும்) என்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு, உங்களுக்கு நேர்வழி கிடைக்கட்டும் என்று தும்மியவர் மறுபடி வாழ்த்துவார். ஒரு தும்மலில் 3 நல்ல வார்த்தைகள்.
* நலம் விசாரிக்கும்போது. அரபு நாடுகளில் 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டால் வரும் முதல் பதில் இதுதான்.
* பயணம் முடித்து வந்தவரையோ நோயிலிருந்து எழுந்தவரையோ பார்க்கும்போது, 'நல்லபடியா வந்து சேர்ந்ததுக்கு இறைவனுக்குப் புகழ்' என்ற பொருளில்.

கடவுளுக்கு எதற்குப் புகழ்?

'எல்லாம் வல்லவன்னு சொல்றீங்க, அப்புறம் அவருக்கு எதுக்கு நம்ம பாராட்டு?' இது பலர் கேட்கும் நியாயமான கேள்வி.

இஸ்லாத்தின் பதில்: அவனுக்குத் தேவை இல்லை. நன்றி செலுத்துபவர் தன் நன்மைக்காகவே நன்றி செலுத்துகிறார் என்றும், இறைவன் எந்தத் தேவையும் அற்றவன் என்றும் 31-வது அத்தியாயம் சொல்கிறது. மனிதர்கள் எல்லோரும் உலகிலேயே மிக நல்ல மனம் கொண்டவர்களாக மாறினாலும் இறைவனின் ஆட்சியில் அது எதையும் கூட்டிவிடாது என்ற கருத்து முஸ்லிம் நூலில் உள்ள ஒரு ஹதீஸில் வருகிறது.

அப்படியானால் புகழ்வது யாருக்காக? சொல்பவருக்காக. 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, நன்றியை 3 படிகளாகப் பிரிக்கிறார். முதலில் அறிவு: கிடைத்தது எங்கிருந்து வந்தது என்று தெரிவது. அடுத்து மனநிலை: அந்த அறிவால் வரும் பணிவும் மகிழ்ச்சியும். கடைசியில் செயல்: கிடைத்ததைக் கொடுத்தவன் விரும்பும் வழியில் பயன்படுத்துவது. வாயால் சொல்லிவிட்டு, கிடைத்த பணத்தைத் தப்பான வழியில் செலவழித்தால் அது நன்றி ஆகாது.

ஜெயிக்கும்போது இதைச் சொல்வதற்கும் இதே அர்த்தம்தான். திறமை என்னுடையது, உழைப்பு என்னுடையது என்று தலைக்கு ஏறும் நேரத்தில், அந்தத் திறமையே கொடுக்கப்பட்டதுதான் என்று தனக்குத்தானே நினைவூட்டிக்கொள்வது.

துக்கத்திலும் ஏன் சொல்கிறார்கள்?

பார்ப்பவர்களை அதிகம் குழப்புவது இதுதான். 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவிலிருந்து வந்த வீடியோக்களில், இடிந்து போன வீட்டின் முன் நின்று 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொன்னவர்களை உலகம் பார்த்தது. எல்லாவற்றையும் இழந்த பிறகு எதற்குப் புகழ்?

பிடித்தமான ஒன்று நடந்தால் ஒரு விதமாகவும், பிடிக்காதது நடந்தால் 'அல்ஹம்துலில்லாஹி அலா குல்லி ஹால்' (எல்லா நிலையிலும் அல்லாஹ்வுக்கே புகழ்) என்றும் நபிகள் சொல்வார் என்று இப்னு மாஜா நூலில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது 'எல்லா நிலையிலும்' என்பதைத்தான். நடந்த துன்பத்துக்காகப் புகழ் அல்ல. துன்பத்தின் போதும் இறைவன் புகழுக்குரியவன்தான் என்று சொல்வது. ஹம்து என்பது கிடைத்ததற்கு மட்டும் சொல்லும் நன்றி அல்ல என்று மேலே பார்த்தோமே, அந்த வித்தியாசம் இங்கேதான் உதவுகிறது. எதுவும் கிடைக்காத நேரத்தில் நன்றி சொல்வது கஷ்டம். ஹம்து அப்போதும் பொருந்தும்.

குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர் பற்றி திர்மிதி நூலில் ஒரு ஹதீஸ் உண்டு. குழந்தையின் உயிர் பிரிந்தபோதும் ஒருவர் இறைவனைப் புகழ்ந்து, அவனிடமே திரும்ப வேண்டியவர்கள் நாம் என்று சொன்னால், அவருக்குச் சொர்க்கத்தில் ஒரு வீடு கட்டப்படும். அந்த வீட்டுக்குப் பெயர் 'பைத்துல் ஹம்து', அதாவது புகழின் இல்லம்.

அப்படியென்றால் அழவே கூடாதா? அப்படி இல்லை. நபிகளின் மகன் இப்ராஹீம் கைக்குழந்தையாக இறந்தபோது அவர் கண்ணீர் விட்டார். நீங்களுமா அழுகிறீர்கள் என்று தோழர் ஒருவர் கேட்டார். இது இரக்கம் என்று பதில் சொன்ன நபிகள், கண் கலங்குகிறது, மனம் வருந்துகிறது, ஆனால் இறைவனுக்குப் பிடிக்காததைச் சொல்ல மாட்டோம் என்ற கருத்தில் பேசினார். புகாரியில் உள்ள பதிவு இது. ஆக, இந்த வார்த்தையைச் சொல்பவருக்கு வலியே இல்லை என்று நினைப்பது தவறு. வலியோடுதான் சொல்கிறார்.

அநியாயத்தை எதிர்த்துக் கேட்காமல் இருக்க இது ஒரு சாக்கா என்ற கேள்வியும் உண்டு. நோய் வந்தால் மருந்து தேடுவதும், அநீதி நடந்தால் தடுப்பதும் இஸ்லாத்தில் தனிக் கடமைகள். ஹம்து அந்தக் கடமைகளை ரத்து செய்வதில்லை.

மனிதர்களைப் பாராட்டவே கூடாதா?

எல்லாப் புகழும் இறைவனுக்கே என்றால், நல்லது செய்த மனிதரைப் பாராட்டினால் தப்பாகிவிடுமா? இல்லை. மனிதர்களுக்கு நன்றி சொல்லாதவர் இறைவனுக்கும் நன்றி சொன்னவர் ஆகமாட்டார் என்ற நபிமொழி அபூதாவூத், திர்மிதி நூல்களில் இருக்கிறது. ஒருவர் உதவினால் 'ஜஸாகல்லாஹு கைரன்' (அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்) என்று சொல்வது வழக்கம்.

தடுக்கப்பட்டது முகஸ்துதி. ஒருவரை அளவுக்கு மீறி முகத்துக்கு நேராகப் புகழ்வது அவருடைய கழுத்தை அறுப்பது போல என்று நபிகள் கண்டித்திருக்கிறார். கட்அவுட், பாலாபிஷேகம் என்று பழகிப்போன நமக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

ஒரு 'அல்ஹம்துலில்லாஹ்'வுக்காக 30 ஆண்டுகள் மன்னிப்பு

9-ம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த சூஃபி ஞானி ஸரீ அஸ்ஸகதீ. புகழ்பெற்ற ஜுனைத் பக்தாதியின் தாய்மாமா, குருவும்கூட. கடை வைத்து வியாபாரம் செய்தவர். அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு சம்பவம் இது.

ஒரு நாள் பாக்தாத் கடைவீதியில் தீப்பிடித்தது. வழியில் எதிர்ப்பட்ட ஒருவர், 'உங்கள் கடை தப்பித்துவிட்டது' என்றார். ஸரீ உடனே 'அல்ஹம்துலில்லாஹ்' என்றார். சொன்ன மறுகணமே அவருக்கு உறைத்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாவற்றையும் இழந்து நிற்கிறார்கள், தான் மட்டும் தப்பியதற்குச் சந்தோஷப்பட்டுவிட்டோமே என்று. அந்த ஒரு வார்த்தைக்காக 30 ஆண்டுகளாக இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதாகப் பிற்காலத்தில் அவர் சொன்னாராம்.

வார்த்தை அதேதான். ஆனால் மற்றவரின் இழப்பை மறந்துவிட்டுச் சொன்னால் அதுவே சுயநலமாக மாறிவிடும் என்பதுதான் அந்த ஞானி விட்டுச் சென்ற எச்சரிக்கை.

முஸ்லிம்கள் மட்டும்தான் சொல்வார்களா?

இல்லை. லெபனான், சிரியா, எகிப்து போன்ற நாடுகளில் வாழும் அரபு கிறிஸ்தவர்களும் அன்றாடப் பேச்சில் 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்கிறார்கள். அரபு பைபிளிலும் கடவுளைக் குறிக்கும் சொல் 'அல்லாஹ்'தான். அவர்களுக்கு அது தாய்மொழிச் சொல்.

தேவாலயங்களில் கேட்கும் 'அல்லேலூயா'வும் இதே குடும்பத்து உணர்வுதான். அது எபிரேய மொழியிலிருந்து வந்தது. 'யாவைப் புகழுங்கள்' என்பது பொருள். ஒரு சின்ன வித்தியாசம்: அல்லேலூயா மற்றவர்களைப் புகழச் சொல்லி அழைக்கிறது. அல்ஹம்துலில்லாஹ் புகழ் யாருக்கு உரியது என்று அறிவிக்கிறது.

தமிழ் முஸ்லிம்கள் அரபியிலும் சொல்கிறார்கள், தமிழிலும் சொல்கிறார்கள். தொழுகையில் அரபி. கல்யாணப் பத்திரிகையிலும் மேடைப் பேச்சிலும் 'எல்லாப் புகழும் இறைவனுக்கே'. 'அல்லாஹ்வுக்கே' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'இறைவனுக்கே' என்று பலர் சொல்வதால், எந்த மதத்தைச் சேர்ந்தவரும் தயக்கமில்லாமல் எடுத்துக்கொள்ளும் வாக்கியமாக அது தமிழில் நிலைத்துவிட்டது.

அடுத்த முறை உங்கள் நண்பரிடம் 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டு, அவர் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று பதில் சொன்னால், அது 'நல்லா இருக்கேன்' என்பது மட்டும் இல்லை. நல்லா இருந்தாலும் இல்லாவிட்டாலும் புகழ் அவனுக்கே என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். அவர் உண்மையிலேயே நன்றாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள, இன்னொரு முறை கேட்டுப் பார்ப்பது நல்லது.